பட்டைக்கு அடுத்த வளையம்

ஜூன் 13, வியாழன்

கோட்கா துறைமுகத்தில் வந்த வேலை முடிந்தது. பைன் பலகை நாலு கண்டெய்னர், ஆவணிக் கடைசியில் தூத்துக்குடிக்கு வந்து சேரும். பலகையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முடிச்சு குறைவு, நேர்க்கோட்டில் ரேகை.

அங்கிருந்து ரயிலில் ஒரு முழு நாள், பிறகு பஸ்ஸில் ஐந்து மணி நேரம் வடக்கே. பஸ் நிறுத்தத்தில் மகள் உலகம்மை நின்றாள். மெலிந்திருக்கிறாள். இங்கே எல்லோருக்கும் அவள் 'உல்கா'. தென்காசி அம்மன் பேரை இப்படியா ஒடிப்பது என்று கேட்டேன். "முழுசாச் சொல்லச் சொன்னா அவங்களுக்கு நாக்கு சுளுக்கிக்கிடும்பா" என்றாள்.

பின்லாந்தின் வடகோடி. ஏரிக்கரையில் மூன்று மரவீடு, ஒரு கொட்டகை. இதுதான் ஆராய்ச்சி நிலையம். நாலு வருஷமாக இங்கேதான் கிடக்கிறாள்.

சூரியன் மறையவே இல்லை. என் மர டிப்போ வாடிக்கையாளர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் சூரிய உதயம், அஸ்தமனம், ராகுகாலம். இந்த ஊருக்கு அதில் ஒரு வரிகூடப் பொருந்தாது.

வந்த காரணம் என் வீட்டுக்காரி சண்முகவடிவுக்கு மட்டும் தெரியும். இப்போதைக்கு இங்கேயும் எழுத வேண்டாம்.

ஜூன் 14, வெள்ளி

கொசு. நம்மூர்க் கொசு பரவாயில்லை, பாடிவிட்டுக் கடிக்கும்.

காலையில் காட்டுக்குள் கூட்டிப்போனாள். ஒரு பைன் மரத்தைத் தட்டி, "வயசு என்ன இருக்கும், சொல்லுங்க பாப்போம்" என்றாள். என் தொடைத் தடிமன். முப்பது என்றேன். பெருந்தன்மையாக நாற்பது என்றும் சொல்லிவைத்தேன்.

முந்நூற்றுப் பத்து.

நம்பவில்லை. கைத்துளைக் கருவியைத் திருகித் திருகி உள்ளே செலுத்தி, பென்சில் மாதிரி ஒரு குச்சியை உருவிக் காட்டினாள். கோடு கோடாக வளையங்கள், சில இடத்தில் கண்ணுக்கே எட்டவில்லை. இங்கே மரம் வளர்வது கோடையில் சில வாரம்தான். ஜூலை சூடாக இருந்தால் வளையம் தடித்து விழும். குளிர்ந்தால் மெலியும். ஆகவே இந்தக் குச்சி, முந்நூற்றுப் பத்து ஜூலை மாதங்கள் எப்படி இருந்தன என்று சொல்லும்.

செங்கோட்டையில் மரம் சுமக்கிற கூலியாகத் தொடங்கி இன்றைக்கு முப்பத்திநாலு வருஷம். ஒரு மரத்திடம் நான் கேட்டதெல்லாம் எத்தனை கன அடி என்பது மட்டும்தான். வயசை ஒரு தடவையும் கேட்டதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

தோசைமாவு புளிக்கவில்லை. மூன்று நாளாக மேஜையில் வைத்தும் ஊற்றிவைத்த மாதிரியே இருக்கிறது. இந்தக் குளிரில் அதற்கும் உயிர் இல்லை.

கொட்டகையில் அவளுடைய பொக்கிஷத்தைக் காட்டினாள். ஈரச் சாக்குகளுக்கு அடியில் பதினோரு கட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டடி நீளம். எப்போதோ ஏரிக்குள் விழுந்து மூழ்கிக் கிடந்த மரங்களை நிலையத்து ஆள் ஐமோ படகில் கட்டி இழுத்து வந்து அறுத்துக் கொடுத்தவை. ஐமோவுக்கு அறுபது வயசிருக்கும். பேச்சு கம்மி.

ஒரு கட்டையை நகத்தால் கீறினேன். பிசின் வாசம் குப்பென்று அடித்தது. "ஐந்நூறு வருஷத்துக்கு மேல தண்ணியில கெடந்திருக்கும்பா" என்றாள். கையை எடுத்துவிட்டேன். நேற்று வெட்டிய மரம்கூட என் டிப்போவில் இப்படி மணந்ததில்லை.

வேலை இதுதான். உயிரோடு நிற்கும் மரத்தின் உள்வளையங்களும், அதற்கு முன்பு செத்த மரத்தின் வெளிவளையங்களும் ஒரே வருஷங்களில் விழுந்தவை என்றால், தடிப்பும் மெலிவும் ஒரே வரிசையில் இருக்கும். அந்த இடத்தில் இரண்டையும் கோக்கலாம். இப்படி மரத்துக்கு மரம் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறாள். நாலாம் நம்பர் கட்டைதான் பாலம். அது நிற்கிற மரத்தோடு சேர்ந்தால், மற்ற பத்தும் அதன் பின்னால் சேரும். சேராவிட்டால் பதினொன்றும் தேதி இல்லாத கட்டை. பட்டைக்கு அடுத்த வளையம்தான் உயிர், அதை யாரும் தொடக்கூடாது என்றாள். பச்சைப் பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி அவ்வளவு பத்திரமாகச் சாக்கை மூடினாள். பத்து வளையத்துக்கு ஓர் ஊசிக்குத்து, ஐம்பதுக்கு இரண்டு, நூறுக்கு மூன்று என்று அடையாளம் வைக்கிறாள். நானும் கட்டை முகத்தில் சுத்தியலால் முத்திரை அடித்தவன்தான். இது நல்ல முறை.

ஜூலை இரண்டாம் தேதி பேராசிரியர் கிர்ஸ்தி அம்மா வந்து சரக்கைப் பார்ப்பாராம். திருப்தி என்றால் இவளுக்கு இன்னும் மூன்று வருஷம் இங்கேயே வேலை.

இன்னும் மூன்று வருஷம்.

ஜூன் 17, திங்கள்

வடிவு போனில். "கேட்டீங்களா அவட்ட?" "இன்னும் இல்ல." "போர்டை எழுதி மாட்டிட்டு அதுக்கப்புறம் கேக்கப் போன ஆளு ஒலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்."

ஜூன் 18, செவ்வாய்

ஏரி ஓரமெல்லாம் மஞ்சள் படலம். யாரோ மஞ்சள்தூள் மூட்டையைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பைன் மகரந்தம். என் கறுப்புச் செருப்பும் மஞ்சள், காயப்போட்ட வேட்டியும் மஞ்சள்.

பாசித்தரையில் வாளிகளைப் புதைத்து, துளையிட்ட மூடி போட்டு வைத்திருக்கிறாள். மகரந்தம் அதில் விழும், வருஷா வருஷம் எடுத்து எண்ணுவாள். ஏரிச் சேற்றிலும் அடுக்கடுக்காக இதே மகரந்தம் இருக்கிறதாம். வளையம் சொல்வது சரிதானா என்று இதை வைத்து ஒத்துப் பார்க்கிறாள்.

"இந்த வருஷம் அமோகமா இருக்கே, நல்ல வெயிலோ?" என்றேன்.

"இல்லப்பா. பூமொட்டு போன வருஷக் கோடையிலயே வச்சிரும். இப்ப விழுறது போன ஜூலையோட சூடு. ஒரு வருஷம் தள்ளித்தான் வெளிய தெரியும்." வாளி மூடியைப் பொருத்திக்கொண்டே, "போன ஜூலையில நீங்க போன்ல சொன்னது ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்கிறது. விறகை எண்ணுவதற்கா இத்தனை படிப்பு என்று கேட்டேன். "அப்படியா, ஞாபகமில்லையே" என்றேன்.

நாளை படகில் தூரத்து ஏரிகளுக்குப் போகிறாள், வாளிகளைப் பார்க்க. வெள்ளிக்கிழமை வருவாள்.

ஜூன் 19, புதன்

இன்று உருப்படியாக ஒரு வேலை செய்தேன்.

உலகு கிளம்பிப் போனாள். ஐமோ இன்னொரு படகின் இன்ஜினுக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போய்விட்டார். கொட்டகை மூலையில் சின்ன பேண்ட்சா மெஷின் இருக்கிறது, நல்ல வாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

சரக்கைப் பார்க்க ஆள் வருகிறார் என்றால் நாங்கள் முதலில் செய்வது என்ன? பட்டையும் அதை ஒட்டிய வெள்ளைக் கட்டையும் கழித்து, நாலு பக்கமும் சீவி, நடுவில் இருக்கும் வைரம் தெரிய நிறுத்துவோம். பட்டையோடு அழுக்காகக் கிடக்கும் கட்டையை எந்த அதிகாரி மதிப்பான்? பதினொன்றையும் சதுரம் போட்டேன். வெள்ளை உளுத்துப் போகிற பாகம், எங்கள் தொழிலில் அதற்கு மரம் என்றே பெயர் கிடையாது.

நாலாம் நம்பரில் கை ஒரு நொடி நின்றது. வாள் சூடாகிவிட்டது என்று தண்ணீர் ஊற்றினேன். பிறகு ஓட்டினேன்.

சீவி எடுத்த பட்டைப்பலகைகளைச் சின்னதாகப் பிளந்து சவுனா அடுப்போரம் காய அடுக்கிவிட்டேன். சவுனா என்பது இவர்களுடைய ஆவிக்குளியல் அறை. மாவுப் பாத்திரத்தையும் அங்கேயே கொண்டுபோய் வைத்தேன்.

கட்டைகள் பளிச்சென்று நிற்கின்றன. பிள்ளை பார்த்தால் சந்தோஷப்படும்.

ஜூன் 21, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

ஜூன் 22, சனி

நேற்று நடந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தாள். வெயில் நடுப்பகல் மாதிரி. இங்கே நேற்று கோடைத் திருவிழா, எல்லா வீட்டிலும் சவுனா போடுவார்களாம். ஐமோ அடுப்பை மூட்டி வைத்திருந்தார். மூன்று நாள் அலுப்பு தீரக் குளித்துவிட்டு, முகம் சிவக்க வெளியே வந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வருஷங்கள் ஆயிற்று.

"என்ன விறகுப்பா, இப்படி மணக்கு?"

"பைன்தான்" என்றேன். "கொட்டகைக்கு வா ளா, ஒண்ணு காட்டுதேன்."

சாக்கை நானே விலக்கினேன். அவள் நாலாம் நம்பர்க் கட்டையின் பக்கவாட்டில் விரலை வைத்து மேலும் கீழுமாகத் தடவினாள். கண் தெரியாதவர்கள் கதவைத் தேடுகிற மாதிரி.

"வெளிப்பக்கம் எங்கப்பா?"

"வெள்ளைதான, சீவிட்டேன்."

"எங்க?"

நான் சவுனாவின் புகைக்கூண்டைக் கை காட்டினேன். அதில் புகை போய்க்கொண்டிருந்தது.

ஓடினாள். துண்டோடு, வெறுங்காலோடு. ஐமோ ஒரு பார்வையில் புரிந்துகொண்டு அடுப்பில் வாளித் தண்ணீரைக் கொட்டினார். அறை முழுக்க ஆவி. அதற்குள் கையை விட்டுக் கரிக்கட்டையாக வெளியே இழுத்துப் போட்டார்கள் இரண்டு பேரும். நான் வாசலில் நின்றேன்.

"நீ ஒரு வார்த்தை சொல்லலையே ளா" என்றேன்.

"சொன்னேன்பா."

"சொல்லல. சொல்லியிருந்தா, முப்பத்திநாலு வருஷம் மரத்தோட கெடந்தவன், நான் தொடுவேனா?"

கையில் கரியோடு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப சொல்லலையோ என்னமோ" என்றாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பதினோரு கட்டை, ஒன்றுக்கு நாலு பட்டைப்பலகை. நாற்பத்திநாலு இருக்க வேண்டும். பிளந்த துண்டுகளைத் தார்ப்பாயில் பரப்பினோம். ஐந்நூறு வருஷத்து ஈரம் லேசில் காயவில்லை. அதனால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. அப்படியும் காய்ந்ததாகப் பார்த்து முதலில் எரித்திருக்கிறார் ஐமோ. அவர் மேல் தப்பில்லை. விறகு என்று அடுக்கியவன் நான்.

எது எந்தக் கட்டையில் இருந்து வந்தது என்று எந்தக் குறியும் கிடையாது. உலகு ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் வைக்கிறாள். "இப்படியே போனா தீபாவளி ஆயிரும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"தள்ளு" என்றேன். "இது என் வேலை."

ஜூன் 25, செவ்வாய்

இரண்டு நாளாகத் தரையில் உட்கார்ந்து பொருத்துகிறேன். முடிச்சின் சாய்வு, பிசின் கீறல், ரேகையின் திருகல். ஒரு மரத்தின் துண்டை இன்னொரு மரத்தோடு சேர்த்து விற்க வந்தவனை நான் எத்தனை தடவை பிடித்திருக்கிறேன்! அந்தக் கண் இப்போதுதான் நல்ல காரியத்துக்குப் பயன்படுகிறது.

ஐமோ மீன் சுட்டுக் கொண்டுவந்தார். எனக்குப் பேர் வைத்திருக்கிறார், 'மிஸ்டர் பேண்ட்சா'. முதல் தடவை சொன்னபோது உலகு சிரிக்கவில்லை. இன்று லேசாக உதடு அசைந்தது.

பத்துக் கட்டைகளுக்கு ஒரு பக்கமாவது கிடைத்துவிட்டது. அது போதுமாம். நாலாம் நம்பருக்கு இன்னும் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 26, புதன்

நாலாம் நம்பர் கிடைத்தது. ஒரே ஒரு துண்டு. ஒரு முனை கரி, மறு முனையில் பட்டை அப்படியே இருக்கிறது. மாவுப் பாத்திரம் சாயாமல் நிற்க நான் முட்டுக்கொடுத்திருந்த துண்டு. அதனால் அடுப்புக்குள் போகவில்லை. பொருத்தினேன். முடிச்சோடு முடிச்சு உட்கார்ந்தது. "பாத்தியா!" என்று கத்தினேன்.

உலகு பார்த்தாள். "நடுவுல வாள் தின்னது எவ்வளவுப்பா?"

"என்ன, ஒரு மூணு மில்லி."

"இந்த மரத்துல மூணு மில்லின்னா பன்னெண்டு வருஷம்."

என் மில்லில் மரத்தூள் தினமும் சாக்குச் சாக்காகப் போகிறது. கொசுவத்தி கம்பெனிக்காரன் வந்து அள்ளிப்போவான். பன்னிரண்டு வருஷம், ஒரு வாள் போன பாதையில். வெட்டு விழுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இருப்பதை எண்ணலாம், நடுவில் எத்தனை போயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "ஒரு வருஷம் பிசகினாலும் சங்கிலி அந்துரும்பா" என்றாள்.

ஜூன் 27, வியாழன்

காலையில் காபி குடிக்கும்போது பொறி தட்டியது.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நான் எந்தக் கட்டையையும் முழுச் சதுரமாக அறுப்பதில்லை. மூலையில் கொஞ்சம் வெள்ளையை விட்டுத்தான் அறுப்பேன், கன அடி கூடும். மதுரைக்காரன் ஒருவன் இதற்காகவே என்னை டிப்போ வாசலில் நின்று திட்டியிருக்கிறான். இங்கே விற்பனையே கிடையாது. அப்படியும் கை பழக்கம் விடவில்லை.

கட்டையின் தட்டைப் பக்கத்தில் வாள் தின்ற வளையம், வட்டமாகச் சுற்றி வரும்போது மூலையில் இருக்குமே!

கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "உலகு, நடுவுல பாக்காத. மூலையில பாரு."

மூலையைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ஊசி எடுத்தாள். நான் வெளியே போய் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொசு கடித்தது தெரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

சேர்ந்துவிட்டது. வாள் தின்ற பன்னிரண்டும் மூலையில் இருக்கின்றன, அதற்கு மேலும் ஒன்பது. அந்த ஒன்பதும், பட்டைப்பலகையின் உள்பக்கத்து முதல் ஒன்பது வளையத்தோடு அச்சாகப் பொருந்துகின்றன. இந்தக் காட்டில் நிற்கும் கிழட்டு மரங்களின் உள்ளே மூன்று மெல்லிய வளையம் அடுத்தடுத்து வருகிறதாம், மூன்று கெட்ட கோடை. நாலாம் நம்பரில், பட்டைக்குப் பக்கத்தில், அதே மூன்று. நானே பார்த்தேன். முடி மாதிரி இருக்கிறது. அந்தக் கோடைகளில் இந்த ஊரில் மனிதர்கள் என்ன தின்றார்களோ!

மாவும் புளித்துவிட்டது, சவுனா புண்ணியத்தில். உலகு ஐந்து தோசை சாப்பிட்டாள். ஐமோ எட்டு.

"உங்க கஞ்சத்தனம் காப்பாத்திருச்சுப்பா" என்றாள். இதைவிட நல்ல பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை.

ஜூன் 29, சனி

பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். கட்டைகள் அறுபட்டது, மீட்டது, எல்லாம். கடைசியில்: "தவறு என்னுடையது. வெளிவளையத்தின் முக்கியத்துவத்தை என் தந்தையிடம் சொல்லத் தவறிவிட்டேன்."

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். அப்படித்தானே நடந்துச்சு? ஒரு வாரமா யோசிச்சுப் பாக்குதேன், சொன்ன மாதிரிதான் இருக்கு. ஆனா நீங்க இவ்வளவு உறுதியாச் சொல்லுதீங்கல்லா, எனக்குத்தான் ஞாபகம் பிசகிருச்சு." சரக்கைப் பத்திரமாக வைக்கத் தெரியாத பிள்ளைக்கு அடுத்த மூன்று வருஷத்தைக் கொடுப்பார்களா என்பது கிர்ஸ்தி அம்மா கையில் என்றும் சொன்னாள்.

மத்தியானம், கோட்கா ஆபீஸ் நம்பரை எங்கே குறித்தேன் என்று தேடி இந்த டைரியைப் புரட்டினேன். ஜூன் 16. தோசைமாவுக்குக் கீழே. என் கையெழுத்து, என் பேனா.

*பட்டைக்கு அடுத்த வளையம்தான் உயிர், அதை யாரும் தொடக்கூடாது என்றாள்.*

மூன்று தடவை படித்தேன். வேறு யாரோ எழுதிவைத்தது மாதிரி இருக்கிறது. வேறு யாரும் இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

இந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தியும் தன்னையே சந்தேகப்படுகிறாள்.

வேண்டுமென்றா செய்தேன்? சத்தியமாக இல்லை என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். 19-ஆம் தேதியைப் படித்தால் நாலாம் நம்பரில் கை நின்றிருக்கிறது. வாள் சூடு என்று எழுதியிருக்கிறேன். நாலு கட்டை அறுத்தால் வாள் சூடாகாது. அது எனக்குத் தெரியும்.

வந்த காரணத்தையும் எழுதிவிடுகிறேன். பைபாஸில் புது டிப்போ எடுத்திருக்கிறேன். 'உலகம்மை டிம்பர்ஸ்' என்று போர்டு மாட்டியாயிற்று. இந்த வருஷம் இவளைக் கையோடு கூட்டிப்போக வந்தேன். இன்னும் மூன்று வருஷம் என்று அவள் சொன்னது காதில் விழுந்த மூன்றாம் நாள் வாளை எடுத்தேன். இதற்கு மேல் எனக்கே தெரியவில்லை.

இதை எழுதி முடித்ததும் டைரியை அவள் மைக்ராஸ்கோப் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.

ஜூலை 1, திங்கள்

காலையில் டைரி என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உலகு அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

புரட்டினேன். எங்கேயும் ஒரு கோடு இல்லை, ஓர் எழுத்து இல்லை. ஜூன் 16-இல், அந்த வரியின் ஓரத்தில் மட்டும் ஓர் ஊசிக்குத்து. அழுத்திக் குத்தியிருக்கிறாள். அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று துளை 19 வரைக்கும் இறங்கியிருக்கிறது.

"போர்டைக் கழட்டச் சொல்லட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும். என் பேருதான. ஆளு வர மாட்டா." பாலை இறக்கி வைத்தாள். "கிர்ஸ்தி நாளைக்குப் பத்து மணிக்கு வாராங்க. அந்தக் கடிதத்தை நான் திருத்தி எழுத மாட்டேன். நீங்களே நேர்ல சொல்லுங்க."

"எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் எங்க ளா வரும்?"

"கோட்காவுல பேரம் பேசினீங்கல்லா? அவ்வளவு போதும்."

ஐமோவிடம் உட்கார்ந்து மூன்று வாக்கியம் இங்கிலீஷில் எழுதி வாங்கியிருக்கிறேன். ஏரிக்கரையில் நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறேன். அவள் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது. நான் அறுத்தேன்.

இரண்டு வரைக்கும் சரளமாக வருகிறது. மூன்றாவதில் நாக்கு சுளுக்குகிறது. திரும்பவும் முதலிலிருந்து.